வெட்டாத கத்தி

“அண்ணை, உங்கடை கத்தி வெட்டுது.”

நாகபூசணி துணியில் சுற்றிக் கொண்டுவந்ததை மேசையில் வைத்தாள். போன கிழமையும் இதே முறைப்பாடுதான்.

இத்தாலி நகரொன்றின் பிரான்காச்சோப் பகுதியில் தனியாய்க் கத்திப் பட்டறை போட்ட நாள் முதல் கிறிகோரி எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்துவிட்டான். பிடி தடிப்பு என்பார்கள். பாரம் என்பார்கள். கத்தி வெட்டுகிறது என்று குறை சொல்லவும் ஒருத்தி வருவாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

“கத்தி எண்டால் வெட்டும்தானே, தங்கச்சி?”

“வெட்டாத கத்தி வேணும் எண்டு சொல்லித்தானே செய்விச்சனான். பாத்தால் நல்ல கத்தி மாதிரி இருக்கவேணும், கையிலை பாரமும் தெரியவேணும். ஆனால் வெட்டக்கூடாது.”

“ஆருக்கு உது?”

“அது வேலை செய்யிற வீட்டுக் கதை. வெளியிலை சொல்லேலாது அண்ணை.”

மீன் வெட்டும் கத்திக்காகக் காத்து நின்ற சந்தைக்காரன், என்ன சண்டை என்று இத்தாலியனில் கேட்டான். கிறிகோரி சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“நல்ல தொழில்தான். எனக்கும் ஒரு ஓட்டை வாளி செய்து தா.”

கிறிகோரிக்குக் காது சுட்டது.

“நாளைக்கு வாங்கோ. சரியாக்கி வைக்கிறன்,” என்று அவளை அனுப்பிவிட்டான்.

ஆனால் கை கேட்கவில்லை. தான் செய்த கத்தி மொட்டையாய் ஊர் சுற்றுவதா? கல்லை எடுத்தான், எண்ணெய் விட்டான், வஞ்சகமில்லாமல் தீட்டினான். தொங்கவிட்ட கடதாசி சத்தமில்லாமல் இரண்டாய்ப் போனது. இனியும் குறை சொல்லிக்கொண்டு வந்தால், வேறு பட்டறை பார் என்று சொல்லிவிடலாம்.

அடுத்த நாள் காலை அவள் வந்தாள்.

“இப்ப வெட்டாதுதானே, அண்ணை?”

“வெட்டாது. பயப்பிடாமல் கொண்டு போங்கோ.”

மத்தியானம் சாப்பிடும்போது மனைவி மாக்கிரட்டிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“கால்சாவிலை வேலை செய்யிற நாகபூசணியோ?”

“ஓம், அவதான்.”

“என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்? அவ பாக்கிற வயசான வீட்டம்மா சிஞ்ஞோராவுக்கு நினைவெல்லாம் தப்பிப் போச்சு. முந்தி பெரிய சமையல்காரியாம். மகன் பயத்திலை வீட்டுக் கத்தி எல்லாத்தையும் பூட்டிப் போட்டான். அந்த மனிசி தன்ரை கத்தியைக் காணேல்லை எண்டு அழுது, சாப்பாட்டையும் விட்டிட்டுது. கத்தரிக்காயை அவிச்சு முன்னாலை வைச்சு, ஒரு மொட்டைக் கத்தியும் குடுத்தால், தான் சமைச்சது எண்டு சாப்பிடும் எண்டு நாகபூசணி பஸ்ஸிலை சொல்லி அழுதவ.”

கையைக் கழுவினானோ இல்லையோ, கிறிகோரி ஓடிப்போய் பஸ் ஏறினான். பஸ் என்றைக்கும் இல்லாதபடி ஊர்ந்தது. கண்ணை மூடினால் நடுங்குகிற ஒரு கிழவியின் விரல்கள். திறந்தாலும் அதே விரல்கள்.

கால்சாவில் மாக்கிரட் சொன்ன வீட்டுக் கதவைத் திறந்தவன் சிஞ்ஞோராவின் மகன். முகம் கறுத்திருந்தது. அவன் காலடியில், தரையில் இரத்தத் துளிகள்.

“நீதானே அந்தத் தமிழ்க் கத்திக்காரன்?”

“ஓம் சிஞ்ஞோரே.” கிறிகோரி துளிகளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான்.

“உங்கள் ஆளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு. தக்காளி டின் ஒன்றைத் திறக்கத் தெரியாமல் கையைக் கிழித்துக்கொண்டு நிற்கிறாள்.”

கிறிகோரி குசினிக்குள் போனான். சிஞ்ஞோரா மேசைக்கு முன்னால் இருந்து, கரண்டியால் கத்தரிக்காயை நசித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு கீறலும் இல்லை.

பக்கத்தில் நின்ற நாகபூசணியின் இடக்கையில்தான் கட்டு. மற்றக் கையால் கத்தியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“டின் எண்டு நான்தான் சொன்னனான். கத்தி எண்டு தெரிஞ்சால் இவன் உங்கடை பட்டறைக்கு வந்து நிப்பான்.”

“தங்கச்சி, எப்பிடி…”

“இந்த அம்மாவிட்டைக் குடுக்க முதல் என்ரை உள்ளங்கையிலை ஒருக்கா இழுத்துப் பாக்கிறனான் அண்ணை. மற்ற நேரம் மெதுவாய்த்தான் இழுப்பன். இந்தமுறை நீங்கள் வெட்டாது எண்டு சொன்னபடியால், அழுத்தி இழுத்திட்டன்.”