சூரத்துக்காரர்

பிரவின்ராஜ் போய் நின்றபோது சுந்தரராஜ் அண்ணாச்சியின் வீட்டு முன்னறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அண்ணாச்சியின் மனைவி ஞானபூரணம் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"வா மக்கா. வீட்டுக்கு ஆள் வருது, அதான் எல்லாம் இப்படிக் கெடக்கு," என்றாள்.

"அண்ணாச்சி எங்கக்கா? கடை பூட்டிக் கெடக்கே."

"சூரத்துக்குப் போயிருக்காவ. நேத்து ரயிலேறியாச்சு."

பிரவின்ராஜ் எது நடந்துவிடக் கூடாது என்று ஓடிவந்தானோ அது நடந்தே விட்டது.

அவன் வெளியூர், திருவேங்கடத்துக்காரன். சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர் கடை போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. முதல் வாடிக்கையே அண்ணாச்சிதான். அவருடைய விசைத்தறிச் சேலைக் கடைக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான். சேலைப் படங்களைப் பின்னால் தள்ளிவிட்டு, பழைய குடும்பப் போட்டோவைத்தான் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று அண்ணாச்சி ஒற்றைக்காலில் நின்றார். பெரிய மனுஷர் ஆசை, போகட்டும் என்று போட்டுவிட்டான்.

முதல் மாதம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில், "தினமும் ஒரு தடவை தெறந்து பாருங்கலே" என்று கெஞ்சினான். பாவிகள், சொன்னது மாதிரியே திறந்தார்கள். ஆட்கள் என்னவோ பதினோரு பேர்தான். ஆனால் எத்தனை தடவை திறந்தார்கள் என்ற எண் அடுத்த மாதக் கடைசியில் முந்நூறைத் தாண்டியிருந்தது. எத்தனை பேர் என்பதை அமுக்கிவிட்டு, அந்த முந்நூறை மட்டும் தாளில் அச்சடித்துக்கொண்டு போனான்.

அண்ணாச்சி எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்தெந்த ஊர்ல இருந்துலே பாக்காவ?" என்றுதான் கேட்டார்.

சென்னை, கோவை, ஓசூர், சூரத் என்று இவன் வாசித்தான். அதோடு விட்டானா? சூரத்துக்காரர் ஒருவர் தினமும் வந்து முதல் பக்கத்திலேயே அரை மணி நேரம் நிற்கிறார் என்று பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தான். அந்தச் சூரத்துக்காரர் வேறு யாருமில்லை, அங்கே துணி மில்லில் வேலை பார்க்கும் அருண்குமார். திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான்.

இன்று காலையில் மனசு கேட்காமல், கூட்டாளிகளையெல்லாம் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தான். மிச்சம் பூஜ்யம். பொய்யை நம்பி அண்ணாச்சி ஏதாவது ஏடாகூடமாகச் செய்துவிடுவாரோ என்று பயந்துதான் ஓடிவந்தான். வந்து பார்த்தால், சூரத்து வியாபாரியைக் கூட்டிவரவே போயிருக்கிறார், வீட்டில் விருந்தும் தயாராகிறது. அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அக்கா, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன். அந்த வெப்சைட்ட வெளியாளு ஒருத்தரும் பாக்கலை. எல்லாம் என் கூட்டாளிமாரு. நான் சொல்லித்தான் தெறந்தானுவ."

முறுக்கு பிழிந்துகொண்டிருந்த ஞானபூரணத்தின் கை நின்றது. "சூரத்துல தினமும் பாக்கது?"

"அது அருண்குமாருக்கா. என்கூடப் படிச்சவன்."

எண்ணெயில் கிடந்த முறுக்கு கருகியது. அவள் எடுக்கவில்லை. அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிருங்கக்கா. சேலை ஆர்டர் கெடைக்கும்னு நம்பிப் போயிட்டாவ. யாவாரம் போனாப் போவுது, வீண் அலைச்சலாவது மிச்சமாவும்."

ஞானபூரணம் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாவாரத்துக்கு இல்ல மக்கா. வீட்டை விட்டுப் போன எங்க மவனைக் கூட்டியாரப் போயிருக்காவ."