ரோபோவின் இடது கால்

“மூணு பாகம் ஜம்முனு நடந்த ரோபோ, நாலாவதுல இருந்து இடது காலை இழுக்குது. எடுத்தவங்க கோட்டை விட்டுட்டாங்க, அவ்வளவுதான்” என்றார் பெஞ்சில் காத்திருந்த வாத்தியார்.

சலூன்காரருக்குச் சுருக்கென்றது. அந்த விண்வெளிப் படத்தின் பதினெட்டு பாகமும் அவருக்கு அத்துப்படி. அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்த பெரியவருக்குச் சவரம் செய்தபடியே வாதாடினார்.

“மூணாம் பாகத்துச் சந்திரப் போர்ல ரோபோவுக்குக் கால்ல அடிபட்டுச்சே சார். அந்தக் காயம்தான். ‘மறக்காம காட்டினதுக்கு நன்றி, இனிமே மாத்திடாதீங்க’ன்னு நாலாம் பாகம் வந்தப்பவே படக் கம்பெனிக்கு லெட்டர் போட்டேன்.”

“பதில் வந்துச்சா?”

“வரலை.”

“யாராவது படிச்சாத்தானே வரும்?”

சலூன்காரர் பெரியவரின் முகத்தைத் துடைத்தார். பெரியவரின் கண்கள் கலங்கியிருந்தன.

“கத்தி பட்டுடுச்சாய்யா?”

பெரியவர் தலையசைத்து மறுத்துவிட்டு, இறங்கி வாசலை நோக்கி நடந்தார்.

டக்... சர்ர். டக்... சர்ர்.

தூக்கத்தில் கேட்டாலும் சலூன்காரருக்குத் தெரியும் அந்தச் சத்தம். அவர் கையிலிருந்த துண்டு நழுவியது.

பெரியவர் வாசலில் திரும்பினார். “கால் போனது விபத்துல தம்பி. நாலாம் பாகத்தோட என்னை அனுப்பிட்டு, ரோபோ உடுப்புக்குள்ள வேற ஆளைப் போடறதா இருந்தாங்க. உங்க லெட்டரைப் படிச்சுட்டுத்தான் ‘இவரே நடக்கட்டும்’னாங்க.”

வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார்.

“எனக்குப் பதில் எழுதத் தெரியலை” என்றார் பெரியவர். “பதினாலு பாகம் நடந்து காட்டினேன்.”