கோழித்தீனி தின்ற கிளீனர்

கிளீனர் சிமெண்டுச் சட்டி மணலில் ஏறி நின்றான்.

வெண்ணந்தூரில் எங்கள் தெரு பேச்சை நிறுத்தியது.

கிளீனர் எங்கள் வீட்டுக் கடுவன் பூனை. முப்பது வருஷம் லாரி ஓட்டிய எனக்குப் பக்கத்தில் கிளீனர் என்று ஒருவன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. அதனால் அந்தப் பெயர்.

ஐந்து நாளுக்கு முன்பு அவனுக்கு ஒன்றுக்கு அடைத்துக்கொண்டது. சட்டியில் குந்துவான், முக்குவான், ஒரு சொட்டு வராது. ராசிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா கிருத்திகா குழாய் விட்டு இறக்கினார். சிறுநீரோடு மாவு போல மணல் வந்தது.

"இவன் என்ன சாப்பிடுறான்?" என்று கேட்டார்.

என் மனைவி பாவாயி தரையைப் பார்த்தாள்.

"கோழித்தீனிங்க அம்மிணி. நான்தான் வெச்சேன்," என்றேன்.

பாவாயிக்கு முட்டைக்கோழிப் பண்ணையில், தீனி அரைக்கும் இடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. கீழே சிந்தியதை எங்கள் இரண்டு நாட்டுக்கோழிகளுக்கு அள்ளி வருவாள். அதில் கருவாட்டுத் தூள் இருக்கும். முட்டை ஓடு கெட்டியாகச் சுண்ணாம்புக் கல்லும் இருக்கும். கருவாட்டு வாசத்தைப் பூனை விடுமா? கோழிக்கு ஓடானது இவனுக்குள் கல்லானது.

ஏன் வைத்தேன் என்றும் விளக்கினேன். ஓட்டைக் கெட்டியாக்கும் தீனி எலும்பையும் கெட்டியாக்கும், இவன் மேல் லாரியே ஏறினாலும் டயர்தான் வெடிக்கும் என்று நினைத்தேன் என்றேன். டாக்டரம்மா பார்த்த பார்வையில் எனக்கே என் மேல் கோபம் வந்தது.

இந்தக் கோளாறுக்கென்றே தனித்தீனி உண்டாம். பாக்கெட் விலையைச் சொன்னார். அதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதம் அரிசி வாங்குவோம். முடியாது என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியானால் தண்ணீர்தான் மருந்து என்றார். உப்பில்லாமல் வேகவைத்த கறி, கஞ்சி போல நீர் விட்டு. கருவாடும் கோழித்தீனியும் கண்ணிலேயே படக்கூடாது.

அவன் மருத்துவமனையில் கிடந்த நாளெல்லாம் தூக்குப்போசியில் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோனேன். எதிர்வீட்டு மயில்சாமி கறிக்கடை வைத்திருக்கிறான். அவனிடம் ஒட்டுக்கறி, கொஞ்சம் ஈரல். பண்ணையில் சும்மா கொடுக்கும் கீறல் முட்டை ஒன்று. எலும்பை நீக்கி, வேகவைத்து, மசித்து, ஒரு பிடி கறிக்கு ஒரு டம்ளர் நீர். அந்த வாசத்துக்குத் தம்மம்பட்டியிலிருந்து ஒரு பூனை பஸ் ஏறி வந்தது. டிக்கெட் எடுத்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

இன்று காலையில் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பொழுது சாய்வதற்குள் தானாகப் போயாக வேண்டும். மறுபடி அடைத்திருந்தால் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வெயில் மதில் மேல் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

கிளீனர் மணலைத் தோண்டினான். மோந்து பார்த்தான். இறங்கிவிட்டான்.

"பெரியப்பா, மூத்திரம் இருக்கட்டும்ங்க," என்றான் மயில்சாமி. "அத்தன கோழித்தீனி வெச்சீங்களே, முட்டை ஏதாச்சும் உட்டானா?"

தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். பாவாயி சிரிக்கவில்லை. ஐந்து நாளாக அவள் என்னைத் திட்டவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தொப்பூர் கணவாயில் பிரேக் போன லாரியை, வாழைப்பழம் உரித்துக்கொண்டே இறக்கியவன் நான். இப்போது அவிழாத வேட்டியை மூன்று தரம் இறுக்கிக் கட்டினேன்.

கிளீனர் மறுபடி ஏறினான். ஒரு சுற்றுச் சுற்றினான். வாலைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, குந்தினான்.

முதலில் ஒன்றும் இல்லை.

பிறகு மணல் கறுத்தது. ஒரு ரூபாய் அகலம். உள்ளங்கை அகலம். இன்னும் நிற்கவில்லை.

மேட்டூர் அணை திறப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். இந்த அழகு அதில் இல்லை.

மயில்சாமி விசில் அடித்தான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எவ்வளவு போனான் என்று கேட்டார். ஒரு லிட்டர் என்றேன். பூனைக்கு அவ்வளவு கொள்ளாது என்றார். சரி, அரை என்று இறங்கி வந்தேன். அவர் சிரித்துவிட்டு, அதே சாப்பாட்டையே தொடரச் சொன்னார். நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றும் சொன்னார். அதை மட்டும் தெரு கேட்கட்டும் என்று இரண்டாம் முறை சொல்ல வைத்தேன்.

கூட்டம் கலைந்தது.

பாவாயி சட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஈர மணலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள், தலை நிமிராமல். "தீனி வெச்சது நானுங்களே. நீங்க ஒரு நாளும் வெக்கலீங்களே."

தெரியும். ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்லதுதானே என்று நானும் சும்மா இருந்தேன்.

"மெதுவாப் பேசு புள்ள," என்றேன். "இத்தன வருசத்துல நான் சொன்னதுல இந்தத் தெரு நம்புனது இது ஒண்ணத்தான். அதையும் கெடுத்துப்போடாத."