வெள்ளிக்கிழமைச் சூடு

ஜும்ஆத் தொழுகைக்குக் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான்கூடப் போடாமல், ஆதம்பாவா மாஸ்டர் வீட்டு வளவில் ஐஸ் பெட்டிக்கு முன்னால் அலுத்துப்போய் நிற்கிறார். பகல் வெயிலில் சூடேறி, விடியமுன் தண்ணீரை ஐஸாக்கித் தருகிற பெட்டி அது. மூன்று வெளிநாடுகள் சேர்ந்து செய்கிற ஆராய்ச்சி. தினமும் பன்னிரண்டரைக்கு அதன் சூட்டைப் பார்த்து எழுதி அனுப்புவது அவர் பொறுப்பு. கையிலுள்ள ஆராய்ச்சிக்காரர்களின் கடிதம் வியர்வையில் ஊறுகிறது. உங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைச் சூடு மட்டும் எப்போதும் வியாழக்கிழமைச் சூடாகவே இருக்கிறதே, இன்னொரு தரம் இப்படி வந்தால் பெட்டியை எடுத்துவிடுவோம் என்கிறது அது. பன்னிரண்டரைக்குப் பள்ளிவாசலில் குத்பா பிரசங்கம் நடக்கும் என்று அவர்களுக்கு எழுதி, அவர்கள் பதில் எழுதி... நினைக்கவே களைப்பாக இருக்கிறது. பெட்டியின் கண்ணாடியில் பட்ட வெயில் கண்ணைக் குத்துகிறது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்கிறது. "நீங்க போங்க, நான் பாக்கன்," என்கிறாள் மனைவி ஸவாஹிறா, மீன் செதிள் ஒட்டிய கையோடு குசினி வாசலில் நின்று. "ஒனக்கு இதெல்லாம் வெளங்குமா?" அவள் உள்ளே போய், சுவர்க் கலண்டரைக் கழற்றி வந்து நீட்டுகிறாள். வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் மட்டும் பென்சில் எண்கள். எண்பத்தொன்று, எழுபத்தாறு, அடைமழை பெய்த வெள்ளிக்கு முப்பத்தொன்று. அந்த வெள்ளிக்கு அவர் வியாழனின் எழுபத்தெட்டையே அனுப்பியிருந்தார். "எல்லா வெள்ளியும் நான் பாத்துத்தான் எழுதின," என்கிறாள் ஸவாஹிறா, கையைத் துடைத்தபடி பெட்டியடிக்கு நடந்து. "நீங்க ஒருநாளும் கேக்கல்லயே."