வீரம்மாளின் கால்தடம்

தண்ணீர் வடிந்த வயல் மூலையில், நட்ட நாற்றுக்கு நடுவே ஒரு கால்தடம் காலை வெயிலில் மினுங்குகிறது. வரப்பில் குந்தியிருக்கும் அறிவியல் டீச்சர் ஸ்ரீரஞ்சனி அதைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார். "முப்பத்தாறு லட்சம் வருஷத்துக்கு முன்னாடி, ஆப்பிரிக்காவுல எரிமலைச் சாம்பல்ல இப்படித்தான் தடம் பதிஞ்சு கல்லாயிருக்கு. நம்ம மூதாதைங்க ரெண்டு கால்ல நிமிர்ந்து நடந்ததுக்கு அதான் சாட்சி. இதையே பாருங்க. குதிகால் இங்க, பெருவிரல் அங்க. அப்ப இவங்க கிழக்கே போயிருக்காங்க." நடவு நடும் பெண்களின் வரிசையில் சிரிப்பு வெடிக்கிறது. வளைந்திருந்த இடுப்பை நிமிர்த்தி, சேறு சொட்டும் கையை ஆட்டுகிறாள் வீரம்மாள். "அது என் காலு டீச்சர்! நான் மேக்கேதான் போனேன். நடவுல பின்னாலதான நடப்போம்? முன்னால போனா நட்டதை நாங்களே மிதிச்சிர மாட்டமா?" டீச்சர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அடுத்த நொடி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தபடி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்குகிறார். வீரம்மாள் கட்டி வைத்த ஒரு முடி நாற்றை நீட்டுகிறாள். குனிந்து நாலு நாற்று நட்டு, தள்ளாடி ஓரடி பின்னால் வைக்கிறார் டீச்சர். கிழக்கே விரல் நீட்டியபடி புதுத்தடம் ஒன்று பளபளக்கிறது. "டீச்சர் எங்க போறாங்க, சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்கிறாள் வீரம்மாள். வரப்பு அதிரக் கத்துகிறார்கள் பிள்ளைகள்: "மேக்கே!"