ஒரே சர்வரில் இரண்டு கடை

“என் கடைப் பேரைத் தட்டினா எதிர்க்கடை வந்து நிக்குது! என்னம்மா அநியாயம் இது?”

கேக் கடைக்காரர் மூச்சு வாங்கியபடி உள்ளே வந்தார். வெப்சைட்டுகளைப் பராமரிக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில், அதை நடத்தும் பெண் மட்டும்தான் இருந்தாள்.

“தப்பு என்னோடதுதான் சார். ரெண்டு கடை சைட்டும் ஒரே சர்வர் கம்ப்யூட்டர்ல இருக்கு. நேத்து மாத்தின உங்க புது வெப்சைட் பேரை அதுல சேர்க்க மறந்துட்டேன். தெரியாத பேர் வந்தா, வரிசையில முதல்ல இருக்கற சைட்டை அது காட்டிடும்.”

“அப்போ காலையில வந்த ஆர்டரை எல்லாம் அங்கே முழுங்கியிருப்பாங்க! இன்னைக்கே என்னை வேற சர்வருக்கு மாத்து. இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

அவளுக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் அவர்தான். பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. எதிர்க்கடை.

“ஸ்பீக்கர்ல போடு” என்றார்.

“சர்வர்ல ஏதோ குழப்பம் போலிருக்கு” என்றது ஒரு பெண் குரல். “அவர் கடைன்னு நினைச்சு எனக்கு ஆர்டர் வருது. எல்லாரையும் அங்கேயே அனுப்பிட்டேன், கவலைப்படாதீங்க. அப்பா வந்து கத்தினாரா? மனசுல வெச்சுக்காதீங்க. நான் தனிக்கடை போட்டதுலேருந்தே அப்படித்தான்.”

போனை வைத்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எப்போ மாத்தணும் சார்?” என்றாள் அவள் மெதுவாக.

“வேண்டாம்மா, ஒண்ணாவே இருக்கட்டும். அவ நம்பரை மட்டும் கொடு. எங்கிட்ட இருக்கறது பழசு.”