தேற்றத்துக்குக் கீழே ஒரு சண்டை

கல்முனையில் கலியாணம் முடித்து, ஊர் வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியேறிய ஸிப்லிக்கு அன்று கால் நிலத்தில் படவில்லை. அட்சரகணிதக் கேத்திரகணிதம் என்ற கணிதப் பிரிவுக்காக உலகமே சேர்ந்து எழுதித் திருத்தும் இணையத் தொகுப்பில், ஒரு தேற்றத்துக்கு அவன் எழுதிய நிறுவல் ஏறியிருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு மணித்தியாலம்கூட நிலைக்கவில்லை. 'ஸீட்டா' என்ற புனைபெயர் வந்து, ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதியது: "ஒரு புள்ளிகூட இல்லாத வடிவத்துக்கு இது நிற்காது."

"எந்த நாட்டுக் கிழவனோ! நான் எதை எழுதினாலும் வந்து குத்துறான்!" என்று கத்தினான் ஸிப்லி.

"மெல்லக் கதைங்க, உம்மா உள்ளுக்க இருக்கிறா," என்று மனைவி ஹிமாயா சிரித்தாள். "இந்தாங்க, உம்மா தேத்தண்ணி தந்தா."

பல்கலைக்கழகக் கெம்பஸில் மண்டபம் நிறைந்த பிள்ளைகளுக்குப் படிப்பித்த மாமி, மருமகன் முன்னால் மட்டும் வரமாட்டார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று, எல்லாம் மகள் வழியாகத்தான்.

ஸிப்லி தேத்தண்ணியைத் தொடவில்லை. விரல்கள் விசைப்பலகையில் பறந்தன.

"புள்ளியே இல்லாத வடிவத்தைப் பற்றி ஆருக்குக் கவலை?"

"கணிதத்துக்கு."

"உமக்கு வேறு வேலையில்லையா?"

"உமது பிழைகள்தான் என் வேலை."

ஸீட்டா சொல்வது சரியென்று ஸிப்லிக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் விடுவானா?

"துணிவிருந்தால் முகத்தைக் காட்டும்! நேரே கதைப்போம்!"

இந்தமுறை ஸீட்டா தமிழில் எழுதியது, உலகமே பார்க்க:

"நேரே கதைக்க வெக்கமா இருக்கு மகன். தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுத் திருத்துங்க."